‘டிரேடு கேட்டார்’ என்ற செய்தியில் விடுபடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ லீக் கூடைப்பந்துக்குத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் இடம் கிடைக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் ஒரு வகைச் செய்தி மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு நட்சத்திர வீரர் நிர்வாகத்தோடு மனம் கசந்து, தன்னை வேறு அணிக்கு டிரேடு செய்யச் (வீரர் பரிமாற்றத்தில் அனுப்பச்) சொல்கிறார். மறுநாளே நான்கு அணிகள் அவருக்காக மோதுவதாகச் செய்தி வருகிறது. இரண்டு வாரம் கழித்தும் எதுவும் நடக்காவிட்டால், ஒன்று நிர்வாகம் பிடிவாதம் பிடிக்கிறது என்று எழுதப்படுகிறது, அல்லது வீரர் தலைக்கனம் பிடித்தவர் என்று முடிவு கட்டப்படுகிறது. இரண்டுமே பெரும்பாலும் தவறு. டிரேடு நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது வாங்க வரும் அணியின் சம்பளப் பட்டியல். அதை யாரும் அச்சிடுவதில்லை.

ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கிளப் பணத்தைக் கட்டிவிட்டு வீரரை அழைத்துக்கொண்டு போகலாம். என்பிஏ-வில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. டிரேடோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய ரொக்கத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. ஒரு நட்சத்திரத்தின் விலைக்கு அது எந்த மூலைக்கும் காணாது. எனவே ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம்தான் மாற வேண்டும். 5 கோடி டாலர் சம்பளம் வாங்கும் வீரரை அழைக்கும் அணி, சம்பள வரம்புக்குக் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் அளவு) கீழே காலியிடம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏறத்தாழ அதே தொகைக்கு வீரர்களை அனுப்ப வேண்டும். பருவத்தின் நடுவே அவ்வளவு பெரிய காலியிடம் வைத்திருக்கும் அணியைப் பார்ப்பது அரிது. அப்படி ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் அணியாக இருக்கும். மனம் கசந்த நட்சத்திரம் போக விரும்பும் இடம் அதுவல்ல.

‘ஏறத்தாழ’ என்பதற்கும் துல்லியமான அளவு இருக்கிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023-ல் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தத்தின்படி, வெளியே அனுப்பும் சம்பளம் 75 லட்சம் டாலர் வரை என்றால் அதன் இருமடங்கும் கூடுதலாக 2.5 லட்சமும் உள்ளே எடுக்கலாம். அதற்கு மேல் 2.9 கோடி வரை என்றால் அனுப்பும் தொகையோடு 75 லட்சம் கூட்டிக்கொள்ளலாம். 2.9 கோடியைத் தாண்டினால் 125 சதவீதமும் 2.5 லட்சமும். இவை 2023-24க்கான எண்கள். அதன்பின் சம்பள வரம்பு உயர உயர இவையும் உயர்கின்றன. செலவில் அடக்கமாக இருக்கும் அணிகளுக்குத்தான் இந்தச் சலுகை. செலவாளி அணிகளுக்கு வேறு சட்டம்.

அந்தச் சட்டத்தின் பெயர்தான் ஏப்ரன்: சம்பள வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும் அணிகளுக்காக, வரம்புக்கு மேலே போடப்பட்ட இரண்டு கோடுகள். 2025-26 பருவத்துக்குச் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். அதிகம் செலவழிக்கும் அணிகள் லீக்குக்குக் கட்டும் ஆடம்பர வரி தொடங்கும் கோடு 18.79 கோடி. முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக எடுக்க முடியாது. இரண்டாவது ஏப்ரனையும் தாண்டிய அணிக்கு இன்னும் இறுக்கம்: இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாக அனுப்ப முடியாது, டிரேடில் ரொக்கம் தர முடியாது, ஏழாண்டு தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில் ஓர் இடம்) முடக்கப்படும். அந்தக் கோட்டுக்கு மேலேயே தொடர்ந்து இருந்தால், முடக்கிய தேர்வு முதல் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். பட்டம் வெல்லத் துடிக்கும் பணக்கார அணிகள்தாம் நட்சத்திரங்களை வாங்க விரும்பும். அதே அணிகளின் கையைத்தான் இந்த விதிகள் கட்டுகின்றன. 2023-க்குப் பிறகு டிரேடு கேட்கும் நட்சத்திரங்களின் பாடு கடினமானதற்கு இதுவே முதல் காரணம்.

ஜிம்மி பட்லர் விவகாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இந்த விதிகள் எல்லாம் அதில் ஒன்றாக வேலை செய்தன. 2024-25ல் மயாமி ஹீட் அவருக்குக் கொடுத்த சம்பளம் சுமார் 4.88 கோடி டாலர். அடுத்த ஆண்டுக்கு 5.24 கோடி டாலர் அளவில் ஒரு விருப்ப ஆண்டு இருந்தது. அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில். 2024 டிசம்பர் 26 அன்று, பட்லரை டிரேடு செய்யப் போவதில்லை என்று அணி நிர்வாகத்தின் தலைவர் பேட் ரைலி அறிக்கை விட்டார். ஜனவரி 3 அன்று அதே அணி அவரை 7 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. பிறகு இன்னும் 2 ஆட்டங்கள். மாதக் கடைசியில் காலவரையற்ற இடைநீக்கம்.

பட்லர் விரும்பிய இடம் பீனிக்ஸ் சன்ஸ் என்று பரவலாகச் செய்தி வந்தது. பீனிக்ஸ் அப்போது இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே இருந்தது. ஆகவே சம்பளங்களைக் கூட்டிக் கட்ட முடியாது, 1.81 கோடி வாங்கிய யூசுப் நர்கிச்சோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பும் பழைய வித்தை செல்லாது. 4.88 கோடிக்கு மேலே ஒற்றை ஒப்பந்தமாக இருந்தது மூன்று பேரிடம்: கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல். முதல் இருவரையும் கொடுத்து பட்லரை வாங்குவதில் பொருளில்லை. மிஞ்சியது சுமார் 5.02 கோடி வாங்கிய பீல். அவரது ஒப்பந்தத்திலோ ‘நோ-டிரேடு’ நிபந்தனை இருந்தது. அவர் ஒப்புக்கொள்ளாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. லீக்கில் குறைந்தது 8 ஆண்டு ஆடி, அதே அணியில் 4 ஆண்டு இருந்தவர்களுக்கே இந்த நிபந்தனையைக் கேட்கும் தகுதி வரும். கிடைப்பதோ வெகு சிலருக்கு. 2022-ல் வாஷிங்டன் விசர்ட்ஸ் கொடுத்த அந்த வரி, 2023-ல் பீல் பீனிக்ஸுக்கு மாறியபோது அவரோடு கூடவே போனது. வாஷிங்டன் எழுதிக்கொடுத்த ஒரு வரி, மூன்று ஆண்டு கழித்து மயாமியின் டிரேடைத் தடுத்தது.

ஆக, மயாமி நிர்வாகமும் பட்லரும் பீனிக்ஸ் நிர்வாகமும் மூவரும் சம்மதித்திருந்தாலும் அந்த டிரேடு நடந்திருக்காது. பீல் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் பீலின் மிச்ச ஒப்பந்தத்தை ஏற்க ஓர் அணியும் வேண்டும். 2024-25க்குப் பிறகும் அவருக்கு இரண்டு ஆண்டுகளில் 11 கோடி டாலருக்கு மேல் பாக்கி இருந்தது. யாரும் முன்வரவில்லை. 2025 ஜூலையில் பீனிக்ஸே அவரோடு பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அவர் விட்டுக்கொடுத்தது போக மீதியை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பியதால், ஆடாத வீரருக்காக அந்த அணியின் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 1.94 கோடி டாலர் ஏறிக்கொண்டிருக்கிறது.

பட்லர் கடைசியில் 2025 பிப்ரவரியில், டிரேடு கெடுவுக்கு (பருவத்தில் டிரேடு செய்யக் கடைசி நாள்) முந்தைய நாள் முடிவான பேரத்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனார். எப்படி முடிந்தது? கோல்டன் ஸ்டேட் அந்தப் பருவத்தில் முதல் ஏப்ரனைத் தாண்டவே கூடாது என்ற கட்டுக்குள் இருந்தது. ஆனால் இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இருந்ததால் சம்பளங்களைக் கூட்டிக் கட்டும் உரிமை இருந்தது. ஆண்ட்ரூ விக்கின்ஸ் 2.63 கோடி, டென்னிஸ் ஷ்ரோடர் 1.30 கோடி, கைல் ஆண்டர்சன் 88 லட்சம், லிண்டி வாட்டர்ஸ் 22 லட்சம். கூட்டினால் சுமார் 5.03 கோடி, பட்லரின் 4.88 கோடியைவிடச் சற்று அதிகம். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் குறைவு என்பதால் கோட்டைத் தாண்டவில்லை. நான்கு பேரையும் மயாமியே வைத்துக்கொள்ள முடியாது. அதனால் யூட்டா, டெட்ராய்ட், டொராண்டோ என மேலும் மூன்று அணிகள் உள்ளே வந்து, வீரர்களைப் பங்கிட்டுக்கொண்டன. மயாமிக்கு விக்கின்ஸும் ஆண்டர்சனும், டொராண்டோவிலிருந்து டேவியன் மிட்செலும், நிபந்தனையோடு கூடிய ஒரு முதல் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. ஐந்து அணி டிரேடு என்றதும் ஏதோ பெரிய சாணக்கியம் என்று எழுதுகிறோம். உண்மையில், இரண்டு அணிகளுக்குள் கணக்கு ஒட்டாததால் மற்ற மூன்றும் தேவைப்பட்டன.

பட்லருக்குப் புதிய அணி உடனே இரண்டாண்டு நீட்டிப்பு கொடுத்தது. அந்த விருப்ப ஆண்டுதான் மற்ற அணிகளைத் தயங்க வைத்த இன்னொரு முள். 35 வயது வீரரை நான்கு மாதத்துக்காக வாங்கி, கோடையில் அவர் கிளம்பிவிட்டால் கொடுத்த விலை வீண். கிளம்பாமல் விருப்ப ஆண்டை எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டுக் கணக்கில் 5.24 கோடி ஏறும். நீட்டிப்புக்குத் தயாராக இல்லாத அணி பேச்சைத் தொடங்குவதிலேயே அர்த்தமில்லை.

ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள்தாம் விலையை நிர்ணயிக்கின்றன. இதற்கு டுராண்டைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2022 ஜூன் 30 அன்று புரூக்ளின் நெட்ஸிடம் டிரேடு கேட்டபோது அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் அப்படியே மிச்சமிருந்தது. புரூக்ளினுக்கு அவசரமே இல்லை. ஆகஸ்ட்டில் அவரே கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். 2023 பிப்ரவரியில் பீனிக்ஸுக்கு மாறியபோது மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர், எந்த நிபந்தனையும் இல்லாத நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள், 2028-ல் இரு அணிகளின் தேர்வுகளில் நல்லதை எடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகியவை புரூக்ளினுக்குக் கிடைத்தன. 2025-ல் அதே டுராண்ட், 36 வயதில், ஓராண்டு ஒப்பந்தமே மிச்சமிருக்க, ஹூஸ்டனுக்கு மாறினார். பீனிக்ஸுக்குக் கிடைத்தவை: ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், அந்த ஆண்டின் 10-வது தேர்வு, சில இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். அவர் ஆட்டம் அந்த அளவுக்கு இறங்கிவிடவில்லை. இறங்கியது மிச்ச ஒப்பந்தக் காலம்.

இன்னும் ஓராண்டே இருக்கும் வீரரை வாங்குவது எப்போதும் சூதாட்டம். 2018 ஜூலையில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடமிருந்து கவாய் லெனார்டை டொராண்டோ ராப்டர்ஸ் வாங்கியது. முந்தைய பருவத்தில் அவர் ஆடியது வெறும் 9 ஆட்டங்கள். டிமார் டிரோசனையும் யாக்கப் பெல்ட்லையும் ஒரு நிபந்தனைத் தேர்வையும் கொடுத்து, லெனார்டோடு டேனி கிரீனையும் டொராண்டோ எடுத்தது. 2019-ல் பட்டம் வென்றது. அதே கோடையில் லெனார்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டொராண்டோ செய்தது சரிதான் என்பேன். பட்டம் கிடைக்காமல் போயிருந்தாலும் சரிதான், ஏனென்றால் கொடுத்த விலை அந்த ஆபத்துக்கு ஏற்ற விலை.

அடுத்தது டிராஃப்ட் தேர்வுகள். ‘நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள்’ என்று எழுதும்போது அவை ஏன் ஒன்றுவிட்ட ஆண்டுகளாக வருகின்றன என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் முதல் சுற்றுத் தேர்வுகளை வாரி இறைத்து அணியைக் காலி செய்தார். அதனால் வந்ததுதான் ஸ்டெபியன் விதி: வரப்போகும் ஆண்டுகளில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதல் சுற்றுத் தேர்வு இல்லாமல் எந்த அணியும் நிற்கக் கூடாது. அதோடு, ஏழு ஆண்டுகளுக்கு மேல் தள்ளி இருக்கும் தேர்வைக் கொடுக்கவும் முடியாது. எனவே ஒரு அணி தன் சொந்தத் தேர்வுகளில் அதிகபட்சம் ஒன்றுவிட்ட ஆண்டுகளைத்தான் கொடுக்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் மாற்றிக்கொள்ளும் உரிமையை விற்கலாம். 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்காக புரூக்ளின் ஹூஸ்டனுக்குக் கொடுத்ததைப் பாருங்கள்: 2022, 2024, 2026 தேர்வுகள், 2021, 2023, 2025, 2027-ல் மாற்று உரிமை. விதி அனுமதிக்கும் இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டார்கள். அப்படி ஒருமுறை நிரப்பிவிட்ட அணிக்கு அடுத்த நட்சத்திரம் வரும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. டுராண்ட், பீல் இருவருக்காகவும் தேர்வுகளைக் கொடுத்துவிட்ட பீனிக்ஸ், 2025 ஜனவரியில் தன்னிடம் மிஞ்சியிருந்த 2031 தேர்வை யூட்டாவிடம் கொடுத்து, மதிப்புக் குறைந்த மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கியது. பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றும் வேலை அது. கையில் சில்லறை இல்லாமல் எந்தப் பேரத்திலும் நுழைய முடியாது.

தேர்வுகளின் மதிப்பும் எழுதிவைத்த மாதிரி நிற்காது. வாங்கும் அணி வலுவாகிவிட்டால் அதன் தேர்வு டிராஃப்ட் வரிசையில் 25-வது இடத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் விற்கும் அணிகள் ஐந்து ஆறு ஆண்டு தள்ளிய தேர்வுகளை விரும்புகின்றன. அதற்குள் நட்சத்திரத்துக்கு வயதாகிவிடும், அணி சரியும் என்ற கணக்கு. 2019-ல் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸுக்குப் போக விரும்பியபோது ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், டேனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு மாற்று உரிமைகள் பெற்றது. அந்தத் தேர்வுகளில் ஒன்றில் 2022-ல் 12-வது ஆளாக வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025-ல் தண்டர் பட்டம் வென்றது. கோபித்துக்கொண்டு போகும் நட்சத்திரத்தை விற்று இதைவிட லாபம் பார்த்த அணியைக் காட்டுவது கடினம்.

வீரர் தரப்புக்கு வருகிறேன். அணிகள் யாரையும் கேட்காமல் வீரர்களை நாடு முழுக்க அனுப்புகின்றன. ஆகவே ஒரு நட்சத்திரம் தன் பங்குக்கு மாற்றம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. மில்வாக்கியில் இருந்த கரீம் அப்துல்-ஜப்பார் 1974-ல் நிர்வாகத்திடம் கேட்டார். 1975 ஜூனில் நான்கு வீரர்களுக்கு ஈடாக லேக்கர்ஸுக்கு மாறினார். அன்று சம்பள வரம்பு கிடையாது. அது 1984-85ல்தான் வந்தது. இரண்டு நிர்வாகங்கள் ஒப்புக்கொண்டால் போதும். இன்று அது போதாது என்பதை வீரர்களின் ஏஜெண்டுகளே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு அணியின் பெயரைப் பொதுவில் சொல்லிவிடுவது அவர்கள் செய்யும் பெரிய பிழை. மற்ற அணிகள் ஒதுங்கிக்கொள்ளும். பெயர் சொல்லப்பட்ட அணியோ, போட்டியே இல்லையே என்று விலையைக் குறைக்கும். விற்கும் அணி அந்த விலைக்கு இணங்காது. எல்லாம் அப்படியே உறைந்துவிடும்.

டேமியன் லில்லார்டுக்கு நடந்தது இதுதான். 2023 ஜூலை 1 அன்று போர்ட்லேண்டிடம் டிரேடு கேட்டார். மயாமி மட்டும் போதும் என்பது அவர் தரப்பின் நிலை. அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி, மதிப்பு சுமார் 21.6 கோடி டாலர். வேறு எங்கு அனுப்பினாலும் முழு மனதோடு ஆட மாட்டார் என்ற தொனியில் பேச்சு எழுந்தபோது, அப்படிப் பேசினால் நடவடிக்கை உண்டு என்று லீக் அந்த மாதக் கடைசியில் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. போர்ட்லேண்ட் காத்திருந்தது. செப்டம்பர் 27 அன்று யாரும் எதிர்பாராத மில்வாக்கி வந்தது. பீனிக்ஸ் மூன்றாவது அணியாக நுழைந்தது. போர்ட்லேண்டுக்கு ஜ்ரூ ஹாலிடே, டியாண்ட்ரே எய்டன், துமானி கமாரா, மில்வாக்கியின் 2029 தேர்வு, 2028-லும் 2030-லும் மாற்று உரிமை. நான்கு நாளில் ஹாலிடேயை பாஸ்டனுக்கு அனுப்பி மேலும் இரண்டு வீரர்களையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் எடுத்தது. மூன்று மாதப் பொறுமைக்குக் கிடைத்த கூலி அது. லில்லார்டை வாங்கிய மில்வாக்கிக்கு 2025-ல் அவரது குதிகால் தசைநாண் அறுந்தது பேரிடி. அவரை விடுவித்து, பாக்கி இருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்தாண்டுக்குப் பரப்ப வேண்டியதாயிற்று.

காத்திருப்பது எப்போதும் பலன் தரும் என்று சொல்ல வரவில்லை. ஆந்தனி டேவிஸ் 2019 ஜனவரியில் ஏஜெண்ட் மூலம் வெளிப்படையாக டிரேடு கேட்டதற்கு லீக் 50,000 டாலர் அபராதம் விதித்தது. பிப்ரவரிக் கெடுவுக்குள் லேக்கர்ஸ் எவ்வளவோ முயன்றும் நியூ ஆர்லியன்ஸ் அசையவில்லை. கோடைக்குத் தள்ளியதற்கு நல்ல காரணம் இருந்தது: அன்றைய விதிப்படி, கைரி இர்விங்கை ஏற்கெனவே டிரேடில் எடுத்திருந்த பாஸ்டன் அந்தப் பருவத்துக்குள் டேவிஸையும் எடுக்க முடியாது. கோடையில் அந்தத் தடை நீங்கினால் இன்னொரு போட்டியாளர் வருவார். அதற்கிடையே டிராஃப்ட் வரிசைக்கான மே மாதக் குலுக்கலில் லேக்கர்ஸின் தேர்வு 4-வது இடத்துக்குத் தாவியது. அதே தேர்வு பேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் கைக்கு வந்தது. டேவிஸும் தனக்கு வர வேண்டிய சுமார் 40 லட்சம் டாலர் டிரேடு போனஸை விட்டுக்கொடுத்தார். இந்த போனஸ் சில ஒப்பந்தங்களில் 15 சதவீதம் வரை இருக்கும். வீரர் மாறும் நொடியில் புதிய அணியின் கணக்கில் சம்பளமாக ஏறி, ஒட்டிக்கொண்டிருந்த கணக்கைக் கெடுத்துவிடும். வீரர் மனது வைத்தால்தான் அதை நீக்க முடியும்.

மாறாக, ஆடாமல் உட்கார்ந்து வற்புறுத்தும் வழி இருவரையும் சேதப்படுத்துகிறது. இடைநீக்கம் 20 ஆட்டங்களுக்குக் குறைவு என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஆண்டுச் சம்பளத்தில் 145-ல் ஒரு பங்கு பிடிக்கப்படும். பட்லருக்கு அது ஆட்டத்துக்கு சுமார் 3.36 லட்சம் டாலர். முதல் 7 ஆட்டங்களுக்கு மட்டும் சுமார் 23.5 லட்சம். 2021-22ல் பிலடெல்பியாவுக்கு ஆட மறுத்த பென் சிம்மன்ஸுக்கு, தவறவிட்ட ஆட்டம் ஒன்றுக்கு சுமார் 3.6 லட்சம் நிறுத்தப்பட்டது. அந்தத் தகராறு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவருக்கு இன்னொரு கத்தி உண்டு: பருவம் தொடங்கி 30 நாளுக்கு மேல் ஆட மறுத்தால் ஒப்பந்தம் நிறைவேறியதாகவே கருதப்படாது, கோடையில் விரும்பிய அணியோடு ஒப்பந்தம் பேசும் சுதந்திர வீரராக முடியாது. 2023-ல் ஹார்டன் பிலடெல்பியாவோடு மோதியபோது பேசப்பட்ட விதி இது. பிலடெல்பியா அவரைக் கிளிப்பர்ஸுக்கு அனுப்பி, அந்த ஆண்டோடு முடியும் ஒப்பந்தங்களையே பெரும்பாலும் எடுத்தது. அடுத்த கோடையில் அந்தக் காலியிடத்தில்தான் பால் ஜார்ஜை ஒப்பந்தம் செய்தது. பெயரில்லாத வீரர்கள்தானே வந்தார்கள் என்று அந்த டிரேடைக் குறைத்து எழுதியவர்கள், ஒப்பந்தத் தேதிகளைப் பார்க்கத் தவறினார்கள்.

நாள்காட்டியும் ஒரு தடை. கோடையில் ஒப்பந்தமான வீரர்களைப் பொதுவாக டிசம்பர் 15 வரை டிரேடு செய்ய முடியாது, சிலரை ஜனவரி 15 வரை. டிரேடில் வந்த வீரரின் சம்பளத்தை மற்றவர்களின் சம்பளத்தோடு கூட்ட இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பருவத்தில் ஒரு அணியில் 15 முழு ஒப்பந்தங்களே இருக்கலாம். ஒருவரைக் கொடுத்து நால்வரை எடுக்கும் அணி மூன்று பேரை வெளியேற்ற வேண்டும், அவர்களது சம்பளம் கணக்கிலேயே நிற்கும். இதனால்தான் அக்டோபரில் எழும் கோரிக்கைக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவில்தான் உயிர் வருகிறது.

எல்லாம் கூடி வந்த பிறகும் உடல்தகுதிச் சோதனை இருக்கிறது. 2017-ல் கிளீவ்லேண்டிலிருந்து வெளியேற விரும்பிய இர்விங்குக்கு ஈடாக பாஸ்டன் அனுப்பிய ஐசையா தாமஸின் இடுப்புக் காயத்தைச் சோதித்தபின், கிளீவ்லேண்ட் மேலும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கேட்டு வாங்கியது. 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸும் ஷார்லட்டும் மார்க் வில்லியம்ஸுக்காகச் செய்த டிரேடு, சோதனையில் தேறவில்லை என்று ரத்தே ஆனது. கெடு முடிந்துவிட்டதால் வேறு பேரமும் பேச முடியவில்லை. அறிவித்த அன்றே ‘மாறினார்’ என்று அச்சிடுவதைவிட, ‘உடன்பாடு எட்டியது’ என்று எழுதுவது பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கு ஒட்டுவதற்காக இந்த டிரேடுகளில் சேர்க்கப்படும் வீரர்களின் பெயர்கள் நம் செய்திகளில் ‘மற்றும் சிலர்’ என்று போய்விடுகின்றன. ஷ்ரோடர் பட்லர் பேரத்தில் கோல்டன் ஸ்டேட்டிலிருந்து புறப்பட்டு, யூட்டா வழியாக, டெட்ராய்ட்டில் போய் இறங்கினார். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் யாரிடமும் டிரேடு கேட்கவும் இல்லை. ஒரு நட்சத்திரத்தின் மனக்கசப்புக்கு வீடு, பள்ளி, ஊர் மாற்றி விலை கொடுப்பவர்கள் இவர்கள். பெயரையாவது அச்சிடுவோம்.

ஆகவே என் வேண்டுகோள். ‘டிரேடு கேட்டார்’ என்று செய்தி வரும்போது, பக்கத்தில் ஒரு சிறு பெட்டி போடுங்கள். வீரரின் இந்த ஆண்டுச் சம்பளம், மிச்ச ஆண்டுகள், விருப்ப ஆண்டு யார் கையில், நோ-டிரேடு நிபந்தனையோ டிரேடு போனஸோ உண்டா. விற்கும் அணியும் பேசப்படும் அணிகளும் எந்த ஏப்ரனுக்கு மேலே அல்லது கீழே. அந்த அணிகளால் எந்தெந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுக்க முடியும். இவை எல்லாமே பொதுவெளியில் கிடைக்கும் தகவல்கள். பெட்டியை நிரப்பும்போதே, பேசப்படும் நான்கு அணிகளில் குறைந்தது இரண்டு தானாக அடிபட்டுப் போகும், செய்தியும் சுருங்கும். அடுத்த பிப்ரவரிக் கெடு வாரத்தில் இதைத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்